கடற்பாசி பற்றி நாங்கள் கேட்கும்போது: சர்க்கரை நோய் மருத்துவர்களுக்கும் உணவு ஆலோசகர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய மருத்துவர்களுக்கும் உணவு ஆலோசகர்களுக்கும்,

வணக்கம்.

"டாக்டர், கடற்பாசி சாப்பிட்டால் சர்க்கரை குறையுமாமே, சாப்பிடலாமா?" இந்தக் கேள்வி உங்கள் காதில் விழாத வாரமே இருக்காது என்று நினைக்கிறேன். என் அக்காவும் கேட்டாள். 14 வருடமாகச் சர்க்கரையோடு வாழ்பவள். "அதெல்லாம் ஒன்றும் வேண்டாம், மாத்திரையை ஒழுங்காகப் போடுங்கள்" என்று பதில் வந்தது. அதற்குள் வெளியே அடுத்தவர் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

பதில் தவறு என்று சொல்ல மாட்டேன். ஆனால் அது பாதியில் நின்றுபோன பதில். ஏன் வேண்டாம், எந்தக் கடற்பாசி வேண்டாம், ஏற்கெனவே வாங்கி வைத்திருக்கிறாயா என்று யாரும் கேட்கவில்லை. மீதிப் பாதியை அவளுக்குப் பொறுமையாக விளக்கியது, அதை விற்றவர்தான்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். அவள் வாங்கியது கெல்ப் எனப்படும் பெரிய பழுப்புக் கடற்பாசியின் பொடியை அடைத்த கேப்ஸ்யூல். குப்பியின்மேல் சர்க்கரைக் கட்டுப்பாட்டுக்கு உதவும் என்று பெரிய எழுத்தில் இருந்தது. 500 மில்லிகிராம் என்று இருந்தது. அதில் அயோடின் எவ்வளவு என்று எந்தப் பக்கத்திலும் இல்லை. காலையில் ஒன்று, இரவில் ஒன்று என்று போட்டுக்கொண்டாள். இரண்டு மாதம் ஆவதற்குள் நெஞ்சு படபடத்தது, கை நடுங்கியது, உடம்பு இளைத்தது. இளைத்ததைப் பார்த்து, கேப்ஸ்யூல் வேலை செய்கிறது என்று சந்தோஷப்பட்டாள். படபடப்பு வரும்போதெல்லாம் சர்க்கரை இறங்கிவிட்டது என்று நினைத்து இனிப்பை வாயில் போட்டுக்கொண்டாள். உண்மையில் சர்க்கரை ஏறிக்கொண்டிருந்தது. மாத்திரையின் அளவைக் கூட்டினார்கள். அப்புறமும் ஏறியது.

கடைசியில் வேறொரு மருத்துவர்தான் கழுத்தைத் தொட்டுப் பார்த்து, "வேறு ஏதாவது சாப்பிடுகிறீர்களா?" என்று கேட்டார். தைராய்டு தறிகெட்டு ஓடிக்கொண்டிருந்தது. அவள் கழுத்தில் வெகுநாளாகவே ஒரு சின்னக் கட்டி உண்டு, தொந்தரவு தராததால் யாரும் கண்டுகொள்ளவில்லை. அப்படிப்பட்ட கட்டி உள்ளவர்களுக்கு அயோடின் அள்ளிக் கொடுத்தால் அது ஹார்மோனை அளவில்லாமல் சுரக்கத் தொடங்கிவிடும். தைராய்டு ஹார்மோன் மிகுந்தால் கல்லீரல் குளுக்கோஸை அதிகமாக வெளியே விடும், சர்க்கரை ஏறும். உங்களுக்கு இதெல்லாம் பாடப்புத்தகச் செய்தி. எங்களுக்கோ நான்கு மாத அலைச்சலுக்குப் பிறகு தெரிந்த செய்தி.

அதற்கப்புறம்தான் நான் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க எனக்குப் புரிந்தது, இந்தக் கேள்வியை அலட்சியமாகத் தள்ளுவதற்கு நியாயமே இல்லை என்பது. ஏனென்றால் இதில் உண்மையும் இருக்கிறது.

பழுப்புக் கடற்பாசிகளின் செல் சுவரில் அல்ஜினேட் என்றொரு நார்ச்சத்து இருக்கிறது. வயிற்றின் அமிலம் பட்டதும் அது கூழாக உறையும். சாப்பாடு வயிற்றிலிருந்து குடலுக்கு மெதுவாக இறங்கும், குளுக்கோஸ் ரத்தத்தில் சேர்வதும் தாமதமாகும். 1991ல் வெளிவந்த ஓர் ஆய்வில், இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் உள்ள 7 ஆண்களுக்கு, சாப்பாட்டோடு 5 கிராம் அல்ஜினேட் சேர்த்துக் கொடுத்தார்கள். சாப்பிட்ட பின் ரத்தச் சர்க்கரை எகிறும் உச்சம் 31 சதவீதமும், இன்சுலின் உச்சம் 42 சதவீதமும் குறைந்தன. ஏழே பேர்தான், ஒரு வேளைச் சாப்பாடுதான். ஆனாலும் காரணம் தெளிவாகத் தெரிகிற ஒரு விளைவு அது. பிசுபிசுப்பான நார்ச்சத்துகள் பலவும் ஏறக்குறைய இதே வழியில்தான் வேலை செய்கின்றன. ஓட்ஸில் உள்ள பீட்டா குளுக்கனும் அப்படித்தான். கடற்பாசி ஒரு நல்ல நார்ச்சத்து உணவு என்று சொன்னால் யாரும் மறுக்கப் போவதில்லை. சர்க்கரைக்கு மருந்து என்று சொல்லும்போதுதான் வம்பு வருகிறது.

இன்னொரு வழியும் உண்டு. பழுப்புப் பாசிகளில் ஃப்ளோரோடானின் என்னும் பாலிஃபீனால்கள் இருக்கின்றன. மாவுச்சத்தை உடைக்கும் ஆல்ஃபா அமைலேஸ், ஆல்ஃபா குளுக்கோசிடேஸ் நொதிகளை அவை சோதனைக் குழாயில் தடுக்கின்றன. நீங்கள் எழுதித் தரும் அகார்போஸ் மாத்திரை செய்வதும் இதைத்தானே. விற்பவர்கள் இந்த ஒற்றுமையைப் பிடித்துக்கொள்கிறார்கள். சோதனைக் குழாயைத் தாண்டி மனிதரிடம் வந்தால் கதை அவ்வளவு பளிச்சென்று இல்லை. 2011ல் வெளிவந்த ஆய்வில் 23 பேருக்கு இரண்டு பழுப்புப் பாசிகளின் சாறு 500 மில்லிகிராம் கொடுத்து, அப்புறம் ரொட்டி கொடுத்துப் பார்த்தார்கள். இன்சுலின் 12 சதவீதம் அளவுக்குக் குறைவாகச் சுரந்தது, ஆனால் குளுக்கோஸில் குறிப்பிடும்படியான மாற்றம் இல்லை. 2018ல் வெளிவந்த ஆய்வில் 38 பேருக்கு 500 மில்லிகிராமும் 2000 மில்லிகிராமும் தனித்தனியாகக் கொடுத்தும் சாப்பாட்டுக்குப் பிந்தைய சர்க்கரை குறையவில்லை. இந்த இரண்டிலும் கலந்துகொண்டவர்கள் சர்க்கரை நோய் இல்லாதவர்கள்.

சர்க்கரை உள்ளவர்களிடமே செய்த ஓர் ஆய்வைத்தான் பலரும் எடுத்துக்காட்டுகிறார்கள். தென்கொரியாவில் நடந்தது, 2008ல் வெளிவந்தது. மொத்தம் 20 பேர். அவர்களில் 9 பேர், கொம்பு என்ற கெல்ப் வகைப் பாசியையும் வாகமே என்ற இன்னொரு பழுப்புப் பாசியையும் சரிபாதியாகச் சேர்த்த பொடியை நான்கு வாரம் உட்கொண்டார்கள். வெறும் வயிற்றுச் சர்க்கரையும் சாப்பாட்டுக்குப் பிந்தைய சர்க்கரையும் குறைந்தன. நல்ல செய்திதான். ஆனால் ஒரு நாளைக்கு அவர்கள் சாப்பிட்டது எவ்வளவு தெரியுமா? 48 கிராம். உலர்ந்த பொடியில் 48 கிராம். என் அக்காவின் குப்பியில் இருந்த 500 மில்லிகிராம் கேப்ஸ்யூலில் கணக்குப் போட்டால் ஒரு நாளைக்கு 96 கேப்ஸ்யூல்! அவள் போட்டதோ இரண்டு.

இந்தக் கணக்கைப் போட்ட அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. இரண்டு கேப்ஸ்யூலில் உள்ள நார்ச்சத்து சர்க்கரையை அசைக்கக்கூடப் போதாது. ஆனால் அதே இரண்டு கேப்ஸ்யூலில் உள்ள அயோடின் தைராய்டைப் புரட்டிப்போடப் போதும். பலன் வேண்டுமானால் கிராம் கணக்கில் சாப்பிட வேண்டும், கெடுதலுக்கோ மைக்ரோகிராம் கணக்கே போதும். நோயாளியிடம் யாராவது சொல்லியே ஆக வேண்டிய ஒரு வாக்கியம் உண்டென்றால் அது இதுதான்.

அயோடினைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதைத்தான் குப்பிகள் மறைக்கின்றன. பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு வேண்டிய அயோடின் 150 மைக்ரோகிராம். கர்ப்பிணிகளுக்கு 250 என்கிறது உலக சுகாதார நிறுவனம். தாண்டக்கூடாத மேல் எல்லையை அமெரிக்காவில் 1,100 என்றும் ஐரோப்பாவில் 600 என்றும் வைத்திருக்கிறார்கள். இனி கடற்பாசிக்கு வருவோம். கடைகளில் விற்கும் பாசிகளை அளந்து 2004ல் வெளியிட்ட ஆய்வில், நோரி என்ற பாசியில் ஒரு கிராமுக்கு 16 மைக்ரோகிராம் இருந்தது. பதப்படுத்திய கெல்ப் குருணை ஒன்றில் ஒரு கிராமுக்கு 8,165 மைக்ரோகிராம் இருந்தது. ஐந்நூறு மடங்குக்கு மேல் வித்தியாசம். அதாவது 500 மில்லிகிராம் என்று ஒரே மாதிரி அச்சிட்ட இரண்டு கேப்ஸ்யூல்களில் ஒன்றில் 8 மைக்ரோகிராம் இருக்கலாம், மற்றொன்றில் 4,000க்கு மேல் இருக்கலாம். இரண்டின் மேலும் கடற்பாசி என்றுதான் எழுதியிருக்கும்.

சமைத்துச் சாப்பிடுபவர்கள் நிலைமை வேறு. கொம்பு போன்ற பாசியைத் தண்ணீரில் கொதிக்க வைத்தால் அயோடினின் பெரும்பகுதி தண்ணீரில் இறங்கிவிடும். தண்ணீரைக் கொட்டிவிட்டால் பெருமளவு போய்விடும், சூப்பாகக் குடித்தால் எல்லாம் உள்ளே வரும். இப்படி ஒரு சின்ன விஷயத்தைச் சொல்ல உணவு ஆலோசகரைவிடப் பொருத்தமானவர் யார்? பொடியை அப்படியே அடைத்த கேப்ஸ்யூலில் கொதிக்கவும் இல்லை, கொட்டவும் இல்லை.

இதையெல்லாம் தைராய்டு மருத்துவர்களுக்கு எழுதாமல் உங்களுக்கு ஏன் எழுதுகிறேன்? சர்க்கரையும் தைராய்டும் ஒரே ஆளிடம் சேர்ந்து வருவது அபூர்வம் இல்லை. முதல் வகைச் சர்க்கரை உள்ளவர்களுக்குத் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தைராய்டைத் தாக்கும் நோய் மற்றவர்களைவிட அதிகம் என்பது நீங்கள் அறிந்ததே. அயோடின் மிகுந்தால் சிலருக்குத் தைராய்டு வேகமெடுக்கும், சிலருக்கு மந்தமாகும். இரண்டுமே சர்க்கரைக் கணக்கைக் குழப்பும். கடற்பாசி தேடிப் போகிறவர் சர்க்கரைக்காகத்தான் போகிறார், திரும்பி வந்து நிற்பதும் உங்கள் அறையில்தான்.

இன்னொரு குழப்பம் சொல்லில் இருக்கிறது. தமிழில் கடற்பாசி என்ற ஒரே சொல்லை எத்தனை பொருளுக்குச் சொல்கிறோம் பாருங்கள். சிவப்புப் பாசியிலிருந்து எடுத்து, இனிப்பு செய்யப் பயன்படும் அகர் அகருக்கும் கடற்பாசி என்று பெயர். கெல்ப் கேப்ஸ்யூலும் கடற்பாசி. மெல்லிய தாளாக வரும் நோரியும் கடற்பாசி. சுருள்பாசி எனப்படும் ஸ்பைருலினாவையும் சிலர் இதிலேயே சேர்த்துவிடுகிறார்கள். அது கடலில் வளரும் பாசியே இல்லை, சயனோபாக்டீரியா என்னும் நுண்ணுயிர் வகை. ஒருவர் வந்து "கடற்பாசி சாப்பிடுகிறேன்" என்று சொன்னால் அது அயோடின் குவியலாகவும் இருக்கலாம், சர்க்கரை கொட்டிச் செய்த அகர் இனிப்பாகவும் இருக்கலாம். எது என்று கேட்காமல் "வேண்டாம்" என்றாலும் தவறு, "சாப்பிடுங்கள்" என்றாலும் தவறு.

ஸ்பைருலினா என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையை நெடுநாள் எடுப்பவர்களுக்கு வைட்டமின் பி12 குறைவதுண்டு, அது குறைந்தால் நரம்பு பாதித்துக் கால் மரத்துப்போகலாம். அதை ஈடுகட்டுவதற்கென்றே ஸ்பைருலினாவை வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அதில் இருப்பதில் பெரும்பாலானது போலி பி12, மனித உடம்புக்குப் பயன்படாத வடிவம். கால் மரத்துப்போவதைச் சரிசெய்வதாக நம்பிக்கொண்டு ஒருவர் மாதக்கணக்கில் அதை விழுங்கிக்கொண்டிருந்தால், நரம்புக்கான நேரம் வீணாகிறது. இதுவும் கேட்டால்தான் தெரியவரும்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், உங்களுக்கு விளக்கம் தேவையில்லை. சிறுநீரகம் பழுதானவர்களுக்குப் பாசியில் உள்ள பொட்டாசியம் சிக்கல். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை எடுப்பவர்களுக்குப் பாசியின் வைட்டமின் கே சிக்கல். நார்ச்சத்து மிகுந்த பொருளைத் தைராய்டு மாத்திரையோடு சேர்த்து விழுங்கினால் மாத்திரை உடம்பில் சரியாகச் சேராது. ஹிஜிகி என்ற வகையில் கனிம ஆர்சனிக் என்ற நச்சு அதிகம். 2001ல் கனடாவும் 2004ல் பிரிட்டனும் அதைத் தவிர்க்கச் சொல்லி மக்களுக்கு அறிவுறுத்தின. இன்சுலினோ சல்ஃபோனைல்யூரியா வகைச் சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர், பாசியை நம்பிச் சாப்பாட்டின் அளவையும் குறைத்துவிட்டால் சர்க்கரை திடீரென்று இறங்கவும் கூடும். எல்லாவற்றையும்விட எனக்குப் பயம், கேப்ஸ்யூல் வந்துவிட்டது என்று மாத்திரையையே நிறுத்திவிடுபவர்களை நினைத்துத்தான்.

இவ்வளவும் சொன்ன பிறகும், கடற்பாசியை விரட்டச் சொல்லி இதை எழுதவில்லை. தலைமுறை தலைமுறையாகக் கடற்பாசியைச் சாதாரண உணவாகச் சாப்பிடும் மக்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் ஓர் அழகான விஷயத்தைக் கண்டுபிடித்தார்கள். நோரியில் உள்ள போர்ஃபிரான் என்ற சர்க்கரைச் சங்கிலியை உடைக்கும் மரபணு கடல் பாக்டீரியாவில் இருந்தது. அதே மரபணு ஜப்பானியர்களின் குடல் பாக்டீரியாவிலும் இருப்பதாக 2010ல் ஓர் ஆய்வு வெளிவந்தது. காலங்காலமாகப் பாசி சாப்பிட்டதில் கடலின் மரபணு குடலுக்கு வந்து குடியேறியிருக்கிறது. படித்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது. கூடவே ஒரு கேள்வியும் எழுந்தது. ஒரு நாட்டு மக்களின் குடலில் நடப்பது எல்லார் குடலிலும் அப்படியே நடக்கும் என்று எப்படிச் சொல்ல முடியும்? ஓர் ஊரில் செய்த ஆய்வை வைத்து உலகத்துக்கே குப்பி விற்பவர்கள் இதைக் கேட்பதில்லை. நீங்கள் கேட்கலாம்.

அயோடின் குறைந்த பாசியை, தைராய்டும் சிறுநீரகமும் நன்றாக உள்ள ஒருவர், மாத்திரையை விடாமல், சாப்பாட்டில் ஒரு பகுதியாகச் சேர்த்துக்கொண்டால் எனக்கு அதில் குறை தெரியவில்லை. கலோரி குறைவு, நார்ச்சத்து உண்டு, வயிறு நிறைந்த மாதிரி இருக்கும். உப்புத் தூவிப் பொரித்த வடிவத்தில் வாங்காமல் இருந்தால் சரி. பலன் வருகிறதா என்று வீட்டுக் குளுக்கோமீட்டரிலேயே பார்த்துக்கொள்ளலாம். ஒரே சாப்பாட்டை ஒரு நாள் பாசியோடும் ஒரு நாள் பாசி இல்லாமலும் சாப்பிட்டு, இரண்டு மணி நேரம் கழித்து அளந்து பார்க்கட்டும். இரண்டு மூன்று தடவை செய்தால் ஓரளவு தெரிந்துவிடும். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி பரிசோதனையில் நான்கு வாரத்துக்குள் முழுப் பலனைத் தேடுவது வீண். சிவப்பணு ஒன்று ஏறக்குறைய 120 நாள் வாழ்கிறது, அந்தக் கணக்கு மாற அவகாசம் வேண்டும். இப்படி அளந்து பார்க்கும் முறையை நீங்கள் ஒருமுறை சொல்லிக்கொடுத்தால் போதும், அடுத்து எந்தப் புதுப் பொருள் வந்தாலும் நோயாளி அதே முறையில் சோதித்துக்கொள்வார், விளம்பரத்தைப் பார்த்து முடிவெடுக்க மாட்டார்.

உங்கள் நேர நெருக்கடி எனக்குத் தெரியாமல் இல்லை. சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பின் கணக்குப்படி 2024ல் உலகில் 20 முதல் 79 வயதுக்குள் 58 கோடியே 90 லட்சம் பேர் சர்க்கரையோடு வாழ்ந்தார்கள். அதில் எத்தனையோ பேர் ஒரே காலையில் உங்கள் அறைக்கு வெளியே உட்கார்ந்திருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் அரை மணி நேரம் பாடம் எடுக்கச் சொல்லவில்லை. நோயாளியின் விவரத் தாளில் மருந்துகளை எழுதும் இடத்துக்குக் கீழே ஒரு வரி சேருங்கள்: மருந்து தவிர வேறு என்ன சாப்பிடுகிறார், எந்த வகை, எவ்வளவு, எத்தனை நாளாக. அதை நர்ஸ் கேட்டு எழுதினாலும் போதும். கடற்பாசி என்று பதில் வந்தால் குப்பியைக் கொண்டுவரச் சொல்லுங்கள். அயோடின் அளவு அச்சிடாத குப்பியாக இருந்தால் அதை நிறுத்தச் சொல்ல உங்களுக்கு வேறு காரணமே வேண்டாம். ஏற்கெனவே சில வாரம் சாப்பிட்டிருந்தால் தைராய்டுப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுங்கள். காரணமில்லாமல் சர்க்கரை ஏறுகிறது, படபடப்பு, எடை குறைகிறது என்று ஒருவர் வந்து நின்றால், மருந்தின் அளவைக் கூட்டுவதற்கு முன் இந்தக் கேள்வியைக் கேட்டுவிடுங்கள்.

உணவு ஆலோசகர்களிடம் தனியாக ஒன்று கேட்கிறேன். நீங்கள் கொடுக்கும் உணவுப் பட்டியலில் கடற்பாசிக்கு என்று இடமே இருப்பதில்லை. சேர்க்க வேண்டியதிலும் இருக்காது, தவிர்க்க வேண்டியதிலும் இருக்காது. இடம் இல்லாததால் அதைப் பற்றி உங்களிடம் பேசலாம் என்றே எங்களுக்குத் தோன்றுவதில்லை. நோரி, வாகமே, கொம்பு போன்ற கெல்ப், ஹிஜிகி, அகர், சுருள்பாசி என்று ஆறு பெயர் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு வரி போட்டால் பாதிப் பக்கம்கூட ஆகாது. அந்தப் பாதிப் பக்கம் கையில் இருந்திருந்தால் என் அக்கா கெல்ப் என்ற பெயரைப் பார்த்ததுமே குப்பியைக் கீழே வைத்திருப்பாள். பெயர் பார்த்துப் படிக்கிற பழக்கம் உள்ளவள் அவள்.

தயவுசெய்து எங்களைத் திட்டாமல் கேளுங்கள். "ஏன் இதையெல்லாம் சாப்பிடுகிறீர்கள்" என்று குரல் உயர்ந்த மறுநொடியே நாங்கள் மற்றதை மறைக்கத் தொடங்கிவிடுவோம். என் அக்கா இரண்டு முறை பரிசோதனைக்குப் போனபோதும் கேப்ஸ்யூலைப் பற்றி வாய் திறக்கவில்லை. வேண்டாம் என்று சொன்னதை வாங்கிவிட்டோமே என்ற பயம். தினமும் விரலில் ஊசி குத்திக்கொள்பவர்களுக்கு, குத்த வேண்டாத நாள் ஒன்று வருமா என்ற ஏக்கம் இருக்கும். கடற்பாசி என்று ஒருவர் கேட்கும்போது அந்த ஏக்கத்தோடுதான் கேட்கிறார்.

அக்காவுக்கு இப்போது தைராய்டு அடங்கியிருக்கிறது, சர்க்கரை பழைய அளவுக்கு வந்துவிட்டது, கூட்டிய மாத்திரையையும் குறைத்துவிட்டார்கள். அடுத்த மாதம் பரிசோதனைக்குப் போகிறாள். அந்தக் குப்பியைத் தூக்கி எறியாமல் வைத்திருக்கிறாள், பையில் எடுத்துப் போகப்போவதாகச் சொன்னாள். மேசைமேல் வைத்தால், அதைக் கையில் எடுத்து, பின்பக்கம் திருப்பி, சின்ன எழுத்தில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று அவளோடு சேர்ந்து ஒரு நிமிடம் பாருங்கள்.

அன்புடன்,
சர்க்கரை நோயாளி ஒருவரின் உடன்பிறப்பு